பிள்ளைக்குப் பல் கம்பி: நம் வருமானத்துக்குள் செய்து முடிப்பதற்கு ஒரு முழு வழிகாட்டி

"கம்பி போட்டாகணும்" என்று பல் டாக்டர் சொல்லி, கூடவே ஒரு தொகையையும் சொன்னதும் பெரும்பாலான பெற்றோர் கேட்கும் முதல் கேள்வி, "மாசம் எவ்வளவு கட்டணும்?" என்பதுதான். அந்தக் கேள்வியைக் கடைசியில் கேளுங்கள். எப்போது போடுவது, எங்கே போடுவது, முடியும்வரை மொத்தம் எவ்வளவு ஆகும் என்ற மூன்றும் தெளிவாகும் முன்பே மாதத் தவணைக்குத் தலையாட்டிவிடுவதால்தான் பல வீடுகளில் கம்பி பாதியில் நிற்கிறது, அல்லது கடன் மட்டும் மிஞ்சுகிறது. தினக்கூலி வாங்கும் வீடாக இருந்தாலும் சரி, ஐடி சம்பளம் வரும் வீடாக இருந்தாலும் சரி, இந்த வரிசை மாறாது. கீழே நான் சொல்லும் வழிகளும் தொகைகளும் தமிழ்நாட்டை வைத்துத்தான். தொகைகள் ஊருக்கு ஊர், டாக்டருக்கு டாக்டர் மாறும். ஒரு அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: உண்மையிலேயே இப்போது தேவையா?

ஏழெட்டு வயதில் புதுப் பல் முளைக்கும்போது முன்பற்கள் இரண்டும் விலகி, விசிறி மாதிரி விரிந்து நிற்கும். பார்த்தவுடன் அம்மாக்களுக்குப் பகீரென்று இருக்கும். ஆனால் பல பிள்ளைகளுக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயதில் மேல் கோரைப்பல் இறங்கும்போது அந்த இடைவெளி தானாகவே மூடிக்கொள்ளும். இதற்கு அவசரப்பட்டுக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

காத்திருக்கக் கூடாத விஷயங்களும் உண்டு. கீழ்ப்பல் மேல்பல்லுக்கு முன்னால் வந்து கடிப்பது, விரல் சூப்பும் பழக்கத்தால் மேல்வரிசை முன்னே தள்ளியிருப்பது, கீழ்த்தாடை பின்வாங்கி இருப்பது, சொத்தையால் பால் கடவாய்ப்பல்லைச் சீக்கிரமே பிடுங்கிவிட்டது ஆகியவை. பால்பல் போன இடத்தைக் காக்கச் சின்னதாக ஒரு வளையம் போட்டு வைப்பார்கள். சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை அது. அதை விட்டால் பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்து, பின்னால் பெரிய சிகிச்சையில் கொண்டுபோய் விடும். கீழ்த்தாடை பின்தங்கியிருந்தால், பிள்ளை மளமளவென்று வளரும் காலத்தில் கழற்றி மாட்டும் கருவியால் அதை முன்னுக்குக் கொண்டுவரப் பார்ப்பார்கள். பெண் பிள்ளைகளுக்கு இந்தக் காலம் சற்று முன்னதாகவே வரும். அதைத் தவறவிட்டால் பிற்காலத்தில் அறுவை சிகிச்சை வரை போகலாம்.

அமெரிக்க ஆர்த்தோடான்டிஸ்ட் (பல் வரிசையைச் சீராக்கும் நிபுணர்) சங்கம் ஏழு வயதுக்குள் ஒருமுறை காட்டிவிடச் சொல்கிறது. காட்டினாலே கம்பி போட்டுவிடுவார்கள் என்று பயப்பட வேண்டாம். அந்த வயதில் காட்டும் பிள்ளைகளில் பலருக்கு "அப்புறம் பார்ப்போம்" என்பதுதான் பதிலாக இருக்கும். அந்த "அப்புறம்" உங்களுக்குப் பெரிய லாபம். ஒன்பது வயதில் காட்டி, "பன்னிரண்டில் போடலாம்" என்று டாக்டர் சொன்னால் உங்கள் கையில் மூன்று வருடம் இருக்கிறது. மாதம் ஆயிரம் ரூபாய் ஆர்.டி. போட்டால் 36,000 அசல், வட்டியோடு 39,000 தாண்டிவிடும். ஒரு சாதாரண உலோகக் கம்பிச் சிகிச்சையின் பெரும்பகுதி அதிலேயே முடிந்துவிடுகிறது.

எனவே டாக்டரிடம் கேட்க வேண்டியது இது: "இப்பவே ஆரம்பிக்கணுமா? ஒரு வருஷம் தள்ளினால் எது கெட்டுப்போகும்?" நல்ல டாக்டர் இதற்குத் தெளிவாகப் பதில் சொல்வார். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரேயை வாங்கிக்கொண்டு இன்னொருவரிடமும் காட்டுங்கள். முதல் டாக்டர் கோபித்துக்கொள்வாரே என்று தயங்க வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். "பொம்பளப் புள்ள, நாளைக்குக் கட்டிக்கொடுக்கணும்" என்று மகளுக்குப் போட்டுவிட்டு, அதைவிட மோசமாகக் கடி அமைந்த மகனை அப்படியே விட்டுவிடும் வீடுகள் நிறைய. இது சரியில்லை. சாப்பாட்டை மெல்ல முடிகிறதா, பல் தேய்கிறதா, ஈறு பாதிக்கிறதா, பிள்ளை கையால் வாயை மறைத்துக்கொண்டே பேசுகிறதா என்று பாருங்கள். பணம் ஒரு பிள்ளைக்கு மட்டும்தான் இருக்கிறது என்றால், யாருக்குத் தேவை அதிகமோ அவருக்கு முதலில்.

இரண்டாம் படி: முழுச் செலவையும் எழுதி வாங்குங்கள்

தனியார் கிளினிக்கில் உலோகக் கம்பி 25,000 முதல் 60,000 வரை, பல் நிறத்தில் இருக்கும் செராமிக் அதற்கு மேல் பத்து, இருபதாயிரம், பல் மேல் கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறையான அலைனர் லட்சத்தை ஒட்டியும் தாண்டியும். பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு இது.

ஒரு எஸ்டிமேட் தாளை எடுத்துப் பார்ப்போம். மேலே கிளினிக் பெயர். கீழே "மெட்டல் பிரேசஸ் – 45,000. அட்வான்ஸ் – 15,000. மீதி மாதம் 2,000" என்று பேனாவில் எழுதியிருக்கும். பார்க்கத் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளில் இல்லாதவை எவை? ஆரம்பத்தில் எடுக்கும் இரண்டு எக்ஸ்ரேக்களும் பல் அச்சும். இடம் போதாமல் நான்கு பல் பிடுங்க வேண்டி வந்தால் அதற்கான கட்டணம். கம்பிக்கு முன்னால் முடிக்க வேண்டிய சொத்தை அடைப்பும் சுத்தம் செய்தலும். கம்பியைப் பிடிக்கப் பல்லில் ஒட்டும் சின்னத் துண்டான பிராக்கெட் நடுவில் பெயர்ந்து விழுந்தால், அதை மறுபடி ஒட்டுவதற்கான காசு. தேவைப்பட்டால் தாடை எலும்பில் வைக்கும் சின்ன ஸ்க்ரூ. எல்லாம் முடிந்தபின், பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் பிடித்து வைக்கப் போட வேண்டிய ரிடெய்னர். இவற்றைக் கூட்டினால் 45,000 என்பது 55,000, 60,000 என்று போய் நிற்கும்.

ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்: "இது இதுக்குள்ள வருதா, தனியா?" பதிலை அந்தத் தாளிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். மாதாமாதம் போகும்போது தனியாகக் கன்சல்டேஷன் கட்டணம் உண்டா, ஒன்றரை வருடம் என்று சொன்ன சிகிச்சை இரண்டரை வருடம் இழுத்தால் கூடுதலாகக் கேட்பார்களா, நடுவில் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனால் கட்டிய பணம் என்னவாகும் என்பதையும் அன்றே கேட்டுவிட வேண்டும். மாற்றல் வரக்கூடிய வேலையில் இருப்பவர்களுக்கு இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஒரு டாக்டர் ஆரம்பித்ததை இன்னொரு டாக்டர் தொடரும்போது புதிதாகப் பணம் கேட்பது வழக்கம்.

இந்தப் பட்டியலில் பல வீடுகள் கவனிக்காத ஒரு சேமிப்பு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் செய்ய வேண்டும் என்று கட்டாயம் இல்லை. பல் பிடுங்குவது, சொத்தை அடைப்பது, சுத்தம் செய்வது ஆகியவற்றை அரசு மருத்துவமனையின் பல் பிரிவிலோ பல் மருத்துவக் கல்லூரியிலோ முடித்துக்கொள்ளலாம். எந்தப் பல்லைப் பிடுங்க வேண்டும் என்று கம்பி போடும் டாக்டர் எழுதித் தரும் கடிதம் கையில் இருக்க வேண்டும். வாய்மொழியாக மட்டும் சொல்லி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். தவறான பல்லைப் பிடுங்கிவிட்டால் திரும்ப வராது.

கம்பி போடுபவர் யார் என்பதையும் பாருங்கள். பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். முடித்தபின், ஆர்த்தோடான்டிக்ஸில் மூன்று வருடம் எம்.டி.எஸ். என்ற மேற்படிப்பு படித்தவர்தான் இதில் நிபுணர். சில கிளினிக்குகளில் மாதம் ஓரிரு நாள் நிபுணர் வந்து போவார். அதில் தப்பில்லை. ஆனால் அவர் பெயர் என்ன, முடியும்வரை அவரேதான் பார்ப்பாரா என்று கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: உங்கள் வீட்டுக்கு எந்த வழி?

*கூலி வேலை, சிறு வியாபாரம், மாதம் இருபதாயிரத்துக்குள் வரும் வீடு*

இவர்களுக்கு முதல் வழி அரசு பல் மருத்துவக் கல்லூரி. சென்னையில் கோட்டை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1953-ல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. சிதம்பரம் அண்ணாமலை நகரில் இருந்த ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியும் இப்போது அரசிடம். புதுக்கோட்டையில் 2023-ல் ஒன்று தொடங்கினார்கள். அது புதிய கல்லூரி, அதனால் கம்பிப் பிரிவு எந்த அளவில் நடக்கிறது என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது. புதுச்சேரி கோரிமேட்டில் மகாத்மா காந்தி பெயரில் ஓர் அரசு பல் மருத்துவ நிறுவனம் உண்டு. இவற்றில் எம்.டி.எஸ். நடக்கும் இடங்களில் பேராசிரியர் மேற்பார்வையில் அந்த மாணவர்கள் கம்பி போடுகிறார்கள். "படிக்கிற பசங்க கையில விடறதா?" என்று தயங்குகிறவர்களுக்கு என் பதில்: அவர்கள் ஏற்கனவே பல் டாக்டர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் பேராசிரியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கித்தான் அடுத்ததற்குப் போக முடியும். கூட்டமான தனியார் கிளினிக்கில் ஐந்து நிமிடம் பார்ப்பதைவிட இங்கே பொறுமையாகவே பார்ப்பார்கள்.

ஆனால் கட்டணம் குறைவு என்பதோடு கணக்கு முடிந்துவிடாது. மலிவான சிகிச்சைக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒரு விலை உண்டு. அது நாள் கணக்கில் போகும். இரண்டு வருடச் சிகிச்சைக்கு மாதம் ஒருமுறை என்றால் 24 தடவை. ஆரம்பத்தில் எக்ஸ்ரே, அச்சு, பல் பிடுங்கல் என்று இன்னும் நாலைந்து. மொத்தம் 28 காலைப் பொழுதுகள். அப்பாவோ அம்மாவோ ஒவ்வொரு தடவையும் 700 ரூபாய்க் கூலியை விட்டுவிட்டுப் போனால் 19,600 ரூபாய் போய்விடுகிறது! இதை யாரும் ரசீதில் எழுதித் தருவதில்லை, அதனால் யாரும் கணக்கில் எடுப்பதும் இல்லை. பத்தாவது, பன்னிரண்டாவது தடவையில் அலுத்துப்போய் நிறுத்துவது இதனால்தான்.

இதைக் குறைக்கச் சில வழிகள் உண்டு. முதல் நாளிலேயே, "சனிக்கிழமை வரலாமா, ஆறு வாரத்துக்கு ஒருமுறை வந்தால் போதுமா?" என்று கேளுங்கள். முதல் சில தடவைகளுக்கும் பல் பிடுங்குவதற்கும் பெற்றோர் கையெழுத்து வேண்டும். சாதாரணமாகக் கம்பி மாற்றும் நாட்களுக்குப் பாட்டியோ சித்தியோ கூட்டிப் போகலாமா என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். பெண்கள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போகலாம். அம்மாவும் மகளும் போனால் பயணச் செலவே இல்லை. ஓ.பி. சீட்டையும் கம்பிப் பிரிவில் தரும் எண்ணையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுப் பத்திரமாக வையுங்கள். அது தொலைந்தால் ஒரு நாள் முழுக்க அலைய வேண்டியிருக்கும்.

அந்த மாணவ டாக்டர் எத்தனையாவது வருடம் படிக்கிறார் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முதல் வருடத்தில் இருந்தால் உங்கள் பிள்ளையை அவரே முடித்துவிட்டுப் போக வாய்ப்பு அதிகம். கடைசி வருடம் என்றால் நடுவில் வேறொருவருக்குக் கைமாறும். அதனால் சிகிச்சை கெடாது, கொஞ்சம் இழுக்கும்.

ஊருக்கு அருகில் அரசுக் கல்லூரி இல்லையென்றால் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளைப் பாருங்கள். சென்னை, மதுரை, கோவைச் சுற்றுவட்டாரம், நாமக்கல் பக்கம் என்று நிறைய இருக்கின்றன. பெரும்பாலும் கிளினிக் கட்டணத்தைவிடக் குறைவாகவே இருக்கும், அதையும் தவணையாகக் கட்ட முடியுமா என்று கேளுங்கள். மேலே சொன்ன கூலிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அரசுக் கல்லூரியைவிடப் பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரி மலிவாகவே முடியலாம்.

பிளவுபட்ட உதடு அல்லது அண்ணத்தோடு பிறந்த பிள்ளைகளுக்கு வழி தனி. அரசுப் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வரும், ஆர்.பி.எஸ்.கே. என்ற குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு இவர்களை மாவட்ட அளவிலான மையத்துக்கு அனுப்பி வைக்கும். ஸ்மைல் ட்ரெயின் என்ற தொண்டு அமைப்போடு சேர்ந்த மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சை இலவசம். கம்பிச் சிகிச்சையும் அதில் சேருமா என்று அந்த மருத்துவமனையிலேயே கேளுங்கள்.

*மாதச் சம்பளம் இருபத்தைந்து முதல் அறுபதாயிரம் வரை*

திண்டாட்டம் அதிகம் இந்த வீடுகளில்தான். அரசு மருத்துவமனைக்குப் போக லீவு கிடைக்காது, கிளினிக்கில் மொத்தமாகக் கட்டப் பணம் இருக்காது. இவர்களுக்கு ஏற்றது, கிளினிக்கே நேரடியாகத் தரும் தவணை. முதலில் மூன்றில் ஒரு பங்கு, மீதியை ஒவ்வொரு தடவை போகும்போதும். இதில் வட்டி இல்லை, கம்பெனி ஒப்பந்தமும் இல்லை. கட்டணத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்பதைவிட, தவணையை நீட்டச் சொல்லிக் கேட்டால் டாக்டர்கள் எளிதில் ஒப்புக்கொள்வார்கள். அண்ணன் தம்பி இருவருக்கும் போட வேண்டியிருந்தால் ஒருவருக்கு முடிந்தபின் அடுத்தவருக்கு ஆரம்பிப்பது நல்லது, சிகிச்சையைத் தள்ள முடியாத நிலை இருந்தாலொழிய.

செராமிக் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடிக்கும். பல்லை நகர்த்துவதில் உலோகக் கம்பி எதற்கும் குறைந்ததல்ல. செராமிக் எளிதில் உடையவும் செய்யும். அந்தப் பணத்தை ரிடெய்னருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

*அதற்கு மேல்*

இவர்களுக்குச் சிக்கல் பணத்தில் இல்லை, தேர்வில் இருக்கிறது. அலைனரை ஒரு நாளைக்கு 20 முதல் 22 மணி நேரம் மாட்டியிருக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பையன் ஸ்கூலில் கழற்றி டிபன் பாக்ஸில் வைத்துவிட்டு அடிக்கடி மறந்து வந்தால் லட்ச ரூபாய் வீண். நேரில் டாக்டர் பார்க்காமல் தபாலில் அனுப்பும் அலைனர் திட்டங்களிலும் ஜாக்கிரதை. அமெரிக்காவில் ஸ்மைல் டைரக்ட் கிளப் என்ற பெரிய கம்பெனி 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சை நின்றுபோனவர்களும் தவணையைத் தொடர்ந்து கட்ட வேண்டும் என்றுதான் சொன்னார்கள்.

நான்காம் படி: இன்சூரன்ஸை எதிர்பார்த்து உட்கார வேண்டாம்

நம் நாட்டு ஹெல்த் பாலிசிகளில் பெரும்பாலானவை விபத்தில் பல் அடிபட்டு மருத்துவமனையில் சேர்ந்தால் மட்டுமே பல் செலவைத் தரும். கம்பிக்குத் தராது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து செய்யும் சிகிச்சைகளுக்கானது. சில கம்பெனிகளின் குழுக் காப்பீட்டில் வெளிநோயாளிச் செலவுக்கு ஒரு தொகை வைத்திருப்பார்கள். ஹெச்.ஆரிடம் ஒரு மெயில் போட்டு, எக்ஸ்ரேக்கும் கன்சல்டேஷனுக்குமாவது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் லாபம்.

ஐந்தாம் படி: கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

சுய உதவிக் குழுவில் உள்கடன் கிடைத்தால் அதை முதலில் பாருங்கள், கூடவே இருப்பவர்கள் கையில் பணம் புரளும் கடன் அது. அடுத்தது வங்கியிலோ கூட்டுறவுச் சங்கத்திலோ நகைக்கடன். பத்து சதவீத வட்டி என்று வைத்தால் 30,000-க்கு வருடம் 3,000. இங்கே ஆபத்து வட்டியில் இல்லை. வருடா வருடம் வட்டியை மட்டும் கட்டித் திருப்பித் திருப்பி வைப்பதில்தான். கம்பி கழற்றிய பிறகும் சங்கிலி பேங்கிலேயே கிடக்கும். அதனால் முதல் மாதத்திலிருந்தே அசலிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள்.

சீட்டு போடுகிறவர்கள் பதிவு செய்த சீட்டா என்று பாருங்கள். சட்டப்படி நடத்துபவருக்குக் கமிஷன் அதிகபட்சம் 7 சதவீதம். அவசரத்துக்கு முதல் மாதமே அதிகமாகத் தள்ளி எடுத்தால், அந்தக் கழிவும் உங்கள் கம்பிச் செலவுதான்.

கிளினிக்கிலேயே ஒருவர் டேப்லெட்டோடு வந்து, "நோ காஸ்ட் இ.எம்.ஐ., ஆதாரும் பானும் கொடுங்க" என்பார். அது கிளினிக் தரும் தவணை அல்ல. உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் போடும் கடன். நடுவில் டாக்டரோடு பிரச்சினை வந்தாலும் தவணை உங்கள் கணக்கிலிருந்து போய்க்கொண்டே இருக்கும். 2024 அக்டோபரிலிருந்து தனிநபர் கடன்களுக்கு, வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து ஒரே தாளில் காட்டும் விவரக் குறிப்பைக் கடன் தருபவர் கொடுத்தாக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதை வாங்கிப் படிக்காமல் ஓ.டி.பி. சொல்லாதீர்கள். "மொத்தமா ரொக்கமாக் கட்டினா எவ்வளவு?" என்று டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். ரொக்கத்துக்கு 41,000, இ.எம்.ஐ.க்கு 45,000 என்று பதில் வந்தால், அந்த 4,000-தான் வட்டி.

கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டு மினிமம் மட்டும் கட்டினால் வருடத்துக்கு நாற்பது சதவீதத்தைத் தொடும். மீட்டர் வட்டி, பத்து வட்டி பக்கம் போகவே கூடாது. 30,000-க்கு மாதம் 3,000 வட்டி, பத்து மாதத்தில் இன்னொரு கம்பியின் விலை. தமிழ்நாட்டில் கந்துவட்டி 2003-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்த நிலை வந்தால் சிகிச்சையை ஆறு மாதம் தள்ளலாமா என்று டாக்டரிடமே கேளுங்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தள்ளலாம்.

ஆறாம் படி: ஆரம்பித்த பிறகு பணம் எங்கே கசியும்?

பிராக்கெட் உடைவதில். முறுக்கு, தட்டை, கரும்பு, கடலை மிட்டாய், எலும்பு கடிப்பது எல்லாம் கம்பி இருக்கும்வரை வேண்டாம். கொய்யாவை நறுக்கிக் கொடுங்கள். தீபாவளி, பொங்கல் முடிந்த வாரத்தில் உடைந்த பிராக்கெட்டோடு வரும் பிள்ளைகள் அதிகம். ஒவ்வொரு உடைப்பும் நூறு, இருநூறு ரூபாய் மட்டுமல்ல, சிகிச்சையையும் தள்ளிப்போடலாம். பிரஷ்ஷும் ஒழுங்காகப் போட வேண்டும். கம்பியைச் சுற்றிச் சொத்தை வந்தால் அதற்குத் தனிச் செலவு.

நடுவில் வேலை போய்விட்டது, உடம்பு சரியில்லாமல் பணம் செலவாகிவிட்டது என்றால், வெட்கப்பட்டுக்கொண்டு போகாமல் இருந்துவிடாதீர்கள். யாரும் பார்க்காமல் வாயிலேயே கிடக்கும் கம்பி பல்லையும் ஈறையும் கெடுக்கும். போய் நிலைமையைச் சொல்லுங்கள். தவணையை நிறுத்தி வைக்கலாம், பல்லை நகர்த்தாமல் அப்படியே பிடித்து வைக்கும் கம்பியோடு சில மாதம் விடலாம், அல்லது அதுவரை ஆனது போதும் என்று கழற்றி ரிடெய்னர் போடலாம். எல்லா மருத்துவக் குறிப்புகளையும் எக்ஸ்ரேயையும் வாங்கிக்கொண்டு கல்லூரி மருத்துவமனைக்கு மாறவும் செய்யலாம்.

கடைசியாக, ரிடெய்னர். கம்பியைக் கழற்றிய அன்று எல்லாம் முடிந்தது என்று நினைப்பது இயல்பு. பல் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். முதலில் சில மாதங்கள் நாள் முழுக்க, பிறகு இரவு மட்டும் என்று டாக்டர் சொல்லும்வரை மாட்ட வேண்டும். பல வீடுகளில் இதற்குப் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். இரண்டாயிரத்திலிருந்து ஐயாயிரம் வரை முதல் நாளே எடுத்து வையுங்கள். சாப்பிடும்போது கழற்றி டிஷ்யூவில் சுற்றி வைப்பதும், அது குப்பையோடு போவதும் அடிக்கடி நடக்கும். அதற்கென்று ஒரு டப்பா கொடுப்பார்கள். ஸ்கூல் பையில் அந்த டப்பா இருக்கிறதா என்று தினமும் பாருங்கள்.